கண்டதும் தீர்ப்பும்: நைப்பாலின் பயண நூல்களை முன்வைத்து ஒரு மறுப்பு

ஒரு சமூகத்தின் உட்கிடக்கையை ஆய்வாளரைவிட நாவலாசிரியர் விரைவாகவும் ஆழமாகவும் கண்டுகொள்கிறார் என்ற கருத்து இலக்கிய வாசகர்களிடையே வாதமே தேவைப்படாத உண்மையாக நிலைபெற்றுவிட்டது. அதற்குச் சான்றாக முதலில் எடுத்துக்காட்டப்படும் பெயர் வி. எஸ். நைப்பால். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழித்தோன்றலாய் 1932இல் டிரினிடாட்டில் பிறந்து, உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டு சென்று, பின்னர் இங்கிலாந்திலேயே தங்கிவிட்ட அவர், 1962இல் வெளிவந்த ‘தி மிடில் பாசேஜ்’ தொடங்கி 2010இல் வெளிவந்த ‘தி மாஸ்க் ஆஃப் ஆப்பிரிக்கா’ வரை, அரை நூற்றாண்டுக் காலம் கரீபியத் தீவுகளையும் இந்தியாவையும் ஈரான், பாகிஸ்தான், மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளையும் ஆப்பிரிக்காவையும் சுற்றிவந்து எழுதிய பயண நூல்கள், அவருடைய நாவல்களுக்கு இணையான மதிப்பையும் சிலருடைய கணிப்பில் அவற்றினும் கூடுதலான மதிப்பையும் பெற்றிருக்கின்றன.

இந்த மதிப்பின் பின்னுள்ள வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் எடுத்துரைப்பதே முறை. பேச்சுத் தொனி, நடையுடை, வரவேற்பறையின் அலங்காரம், சொல்ல வந்ததைச் சொல்லாமல் விழுங்கும் தயக்கம் ஆகியவை புள்ளிவிவரங்களுக்கும் கோட்பாடுகளுக்கும் அகப்படுவதில்லை என்பதும், அவற்றையே கவனித்துப் பழகிய கண் நாவலாசிரியருடையது என்பதும் அவ்வாதத்தின் முதற்படி. அந்நிய ஆட்சிக்கு உட்பட்டிருந்த மக்களிடையே பிறந்தவராதலால் அவருடைய கடுமையை ஐரோப்பியரின் இறுமாப்போடு சேர்த்தெண்ணக் கூடாது என்பது இரண்டாம் படி. பிறர் நயத்தக்க நாகரிகம் கருதியோ கட்சிச் சார்பு கருதியோ வாய்மூடியிருந்தபோது அவர் மட்டும் கண்டதைக் கண்டபடி சொன்னார் என்பது மூன்றாம் படி. ஈரானியப் புரட்சியின் சூடு ஆறுவதற்குள் அங்கு சென்று அவர் எழுதியதை 2001 செப்டம்பர் 11 மெய்ப்பித்துவிட்டது என்பது இறுதிப் படி. அடுத்த மாதமே ஸ்வீடிஷ் அகாதெமி இலக்கியத்துக்கான நோபல் பரிசை அவருக்கு அறிவித்து, அமுக்கப்பட்ட வரலாறுகளைக் காணச்செய்யும் வளைந்துகொடுக்காத நோக்கு என்று அவரைச் சிறப்பித்தபோது, இக்கருத்துக்கு உலக ஒப்புதலின் முத்திரையும் விழுந்தது.

நைப்பாலின் உரைநடை ஆற்றல் இங்கு வழக்கில் இல்லை. அதை மறுப்பவர் மிகச் சிலரே, மறுக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆராய வேண்டியது அந்த ஆற்றலைக் கொண்டு அவர் நிறுவ முயன்றவற்றை. நாவலில் வரும் பாத்திரம் தன்னை மட்டுமே குறிக்கும் உரிமை உடையது. 1961இல் வந்த ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ நாவலின் மோகன் பிஸ்வாஸ் டிரினிடாட்டின் எல்லா இந்துக்களுக்கும் சாட்சியாக நிறுத்தப்படுவதில்லை, பிறப்பிலிருந்து இறப்புவரை ஒரு முழு வாழ்க்கையாக நம் முன் விரிவதால்தான் அவரை நம்புகிறோம். பயண நூலிலோ ஒரு பிற்பகலில் சந்திக்கப்பட்ட மனிதர் ஒரு மதத்துக்கும் ஒரு நாகரிகத்துக்கும் அடையாளமாக்கப்படுகிறார்; அவருடைய எரிச்சலும் குழப்பமும் கோடிக்கணக்கானோரின் நோய்க்குறிகளாக வாசிக்கப்படுகின்றன. கலையில் உரிமையாக உள்ள ஒன்று ஆதாரம் கேட்கும் இடத்தில் முறைகேடாகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. எந்த மொழியில் கேட்டார், யாரிடம் கேட்டார்? பாரசீகமோ மலாயோ இந்தோனேசிய மொழியோ அறியாமலும், சிறுவயதில் காதில் விழுந்த இந்திக்கு அப்பால் உருதுவில் உரையாடும் பயிற்சி இல்லாமலும் அவர் நான்கு நாடுகளுக்குச் சென்றார். 1981இல் வெளிவந்த ‘அமங் தி பிலீவர்ஸ்’ 1979-80இல் மேற்கொண்ட சில மாதப் பயணத்தின் விளைவு. 1998இல் வெளிவந்த ‘பியாண்ட் பிலீஃப்’ 1995இல் அதே நான்கு நாடுகளில் ஐந்து மாதம் சுற்றியதன் விளைவு. இடைப்பட்ட ஆண்டுகளில் எந்த மொழியும் கற்கப்படவில்லை. ஆகவே மொழிபெயர்ப்பாளர் வழியே பேசியவர்களைத் தவிர, அவரோடு நெடுநேரம் நேரடியாகப் பேச முடிந்தவர்கள் ஆங்கிலம் கற்றவர்களே. அவர்களில் பலர் அக்கல்வியாலேயே தம் ஊரிலிருந்தும் தாய்மொழி வாழ்விலிருந்தும் ஓரளவு விலகி நின்றவர்கள். அத்தகையோரை மட்டும் வடிகட்டித் தரும் ஒரு முறையைக் கையாண்டுவிட்டு, இம்மக்கள் தம் வேர்களிலிருந்து பிரிந்தவர்கள் என்று கண்டுபிடிப்பது, வலையின் கண்ணைவிடச் சிறிய மீன் கடலிலேயே இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

மானிடவியலாளரும் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்வதில்லையா என்று கேட்கப்படும். வைத்துக்கொள்கிறார்கள், ஆனால் எவ்வளவு காலம், எந்தக் கிராமம், எத்தனை குடும்பம் என்று வரையறுத்துக்கொண்டு, முடிவையும் அந்த எல்லைக்குள் நிறுத்துகிறார்கள், நிறுத்தாதபோது கண்டிக்கப்படுகிறார்கள். நைப்பாலின் நூல்களில் மொழிபெயர்ப்பாளர் சுவையான பாத்திரமாக வருகிறார். அவர் வழியே வந்த சொல்லின் நம்பகத்தன்மை பற்றிய ஐயம் முடிவுகளின் அளவைக் குறைப்பதில்லை. தனித்துச் செல்லும் கூர்நோக்காளர் என்ற கதைசொல்லியே ஒரு புனைவுதான் என்பதையும் சேர்த்துக் கருத வேண்டும்: 1962இல் இந்தியா வந்தபோது மனைவி பட்ரீஷியா உடன் வந்தார், ஆனால் 1964இல் வெளியான ‘ஆன் ஏரியா ஆஃப் டார்க்னஸ்’ நூலில் அவர் பெயரற்ற துணையாக எங்கோ ஓரிடத்தில் தலைகாட்டுவதோடு சரி. நாவலில் இது குற்றமன்று. சாட்சி சொல்லும் நூலில், சாட்சியோடு நின்ற இன்னொருவரை அகற்றுவது சிறிய செய்தியும் அன்று.

2. எதுவுமே படைக்கப்படாத இடமா கரீபியம்? ‘தி மிடில் பாசேஜ்’ நூலின் புகழ்பெற்ற தீர்ப்பு இதுவே: வரலாறு என்பது சாதனையையும் படைப்பையும் சுற்றி எழுப்பப்படுவது, மேற்கிந்தியத் தீவுகளிலோ அத்தகைய படைப்பு எதுவும் நிகழவில்லை. இந்தப் பயணத்துக்கு உதவித்தொகை அளித்தது டிரினிடாட் அரசு. அதன் தலைவராயிருந்த எரிக் வில்லியம்ஸ், அடிமை வணிகத்திலும் தோட்டங்களிலும் ஈட்டிய இலாபம் பிரிட்டனின் தொழில்வளர்ச்சிக்கு எவ்வாறு முதலாயிற்று என்று வாதிடும் ‘கேப்பிடலிசம் அண்ட் ஸ்லேவரி’ என்னும் வரலாற்று நூலை 1944இலேயே எழுதியவர். படைப்பு எதுவும் இல்லாத தீவின் மகன் ஒருவர் உலகப் பொருளாதார வரலாற்றின் போக்கையே விவாதத்துக்கு உள்ளாக்கிய நூலை எழுதியிருக்க, அவருடைய அரசின் பணத்தில் சென்றவருக்கு அது கணக்கில் வரவில்லை. டிரினிடாட்டில் பிறந்த சி. எல். ஆர். ஜேம்ஸ், அடிமைகளே போரிட்டு 1804இல் ஹைத்தி என்னும் நாட்டை நிறுவிய புரட்சியின் வரலாற்றை 1938இல் எழுதினார். நைப்பால் சென்ற மார்ட்டினிக் தீவிலோ, பிரெஞ்சுக் கவிதையின் போக்கைத் திருப்பிய ஏமே செசேர் தலைநகரின் மேயராகவே பதவியில் இருந்தார். எண்ணெய்ப் பீப்பாய்களைத் தட்டி வளைத்து ஸ்வரம் கூட்டும் ஸ்டீல்பேன் என்னும் புதிய வாத்தியம் பிறந்ததும் டிரினிடாட்டின் ஏழைத் தெருக்களில்தான். காலிப்ஸோ பாடலுக்கு மட்டும் அந்நூலே மதிப்பளிக்கிறது என்பதைக் குறிப்பிட வேண்டும். ஒரு விலக்கை ஏற்றுக்கொண்ட பின்னும் தீர்ப்பு மாறாமல் நிற்பதே, அது சான்றுகளிலிருந்து எழுந்ததன்று என்பதைக் காட்டிவிடுகிறது.

3. பார்க்காதவர் யார்? ‘ஆன் ஏரியா ஆஃப் டார்க்னஸ்’ நூலில் மிகுதியும் பேசப்பட்ட பகுதி, இந்தியர் எங்கும் மலங்கழிக்கின்றனர் என்பதும், அதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே அவர்கள் காண மறுக்கின்றனர் என்பதும் ஆகும். இதை எதிர்த்தவர்களில் பலர் நாட்டுப்பற்றின் புண்பட்ட குரலில் எதிர்த்தனர். கவிஞர் நிஸ்ஸிம் எசேக்கியல் போன்ற சிலர் மட்டுமே நிதானமாகக் குறுக்கு விசாரணை செய்தனர். புண்பட்டுப் பேசுவது மறுப்பாகாது. நைப்பால் சொன்ன காட்சி மெய். அதைக் காணாதவர் இந்தியர் என்ற எழுவாய்தான் பொய். அந்த மலத்தைத் தலையில் சுமக்கப் பிறப்பால் விதிக்கப்பட்டவர்கள் அதைக் காணாமலிருக்க வழியே இல்லை. ஜோதிராவ் பூலே 1873இல் ‘குலாம்கிரி’ எழுதினார்; பெரியார் 1925இல் ‘குடி அரசு’ இதழைத் தொடங்கினார்; அம்பேத்கர் 1927இல் மஹாட் குளத்தில் நீரள்ளும் போராட்டத்தை நடத்தி, 1936இல் சாதி ஒழிப்பு பற்றிய தம் உரையை நூலாக்கினார். இவர்களுடைய கடுமையின் முன் நைப்பாலின் கடுமை மென்மையானது; அருவருப்பைப் பதிவு செய்வதோடு நில்லாமல் அதற்குக் காரணமான ஏற்பாட்டைப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டியவர்கள் அவர்கள்.

தென்னாப்பிரிக்காவில் நெடுங்காலம் வாழ்ந்து திரும்பியதால்தான் காந்தியால் இந்தியாவின் அழுக்கைக் காண முடிந்தது என்று நைப்பால் விளக்கம் சொல்கிறார். வெளியே சென்று வந்தவருக்கே கண் திறக்கும் என்பது அதன் உட்பொருள். பூலே கடல் கடந்தவரல்லர், புனேயில் இருந்தபடியே கண்டார். காணும் ஆற்றலைத் தருவது தொலைவு என்ற கோட்பாடு, தொலைவிலிருந்து வந்த எழுத்தாளருக்கு வசதியானது என்பதற்கு மேல் அதற்கு ஆதரவாகச் சொல்ல ஒன்றுமில்லை.

4. 1565இல் ஒரு நாகரிகம் செத்துப்போயிற்றா? அவசரநிலைக் காலத்தில் பயணம் செய்து எழுதி 1977இல் வெளியான ‘இந்தியா: எ வூண்டட் சிவிலைசேஷன்’ இடிபாடுகள் கிடக்கும் ஹம்பியைத் தன் வாதத்தின் அடித்தளமாக வைக்கிறது. விஜயநகரம் முஸ்லிம் படையெடுப்புகளுக்கு எதிராக நின்ற கடைசி இந்து அரண், தலைக்கோட்டைப் போரில் அது தகர்ந்தது, அரணாயிருந்த காலத்திலேயே அது பழைமையைக் காத்ததேயன்றிப் புதிதாக எதையும் ஆக்கவில்லை, ஆயிரமாண்டுத் தோல்விகளின் விளைவாக இந்திய அறிவு வறண்டு உள்ளொடுங்கிவிட்டது என்று அவ்வாதம் செல்கிறது. ஆர். கே. நாராயணின் ‘மிஸ்டர் சம்பத்’ நாவலில் வரும் செயலின்மைகூட இந்தப் பழங்காயத்தின் அறிகுறியாகவே அங்கு வாசிக்கப்படுகிறது. நைப்பாலின் எந்தக் கருத்தும் இதைப் போல இந்திய அரசியலில் ஊறவில்லை என்பதால் இதைச் சற்று விரிவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மதங்களுக்கிடையே எழுப்பப்பட்ட சுவராக விஜயநகரத்தைக் காணும் சித்திரம் 1900இல் ராபர்ட் சிவெல் எழுதிய ‘எ ஃபர்காட்டன் எம்பயர்’ நூலால் பரவலானது. அதற்குப் பின் வந்த ஆய்வுகள், குறிப்பாக ஃபிலிப் வாகனர் 1990களில் செய்தவை, அதை ஏறத்தாழக் கலைத்துவிட்டன. விஜயநகர மன்னர்கள் தம்மை ‘ஹிந்து ராய ஸுரத்ராண’, அதாவது இந்து அரசர்களுள் சுல்தான், என்று கல்வெட்டுகளில் அழைத்துக்கொண்டனர். அரசவையில் நீண்ட அங்கியும் குல்லாயும் அணிந்தனர். படையில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்தனர். தாமரை மஹாலிலும் யானைக் கொட்டாரத்திலும் வளைவுகளையும் குவிமாடங்களையும் எழுப்பினர். தலைக்கோட்டையில் வீழ்ந்த ராமராயர் இளமையில் கோல்கொண்டா சுல்தானிடம் பணியாற்றியவர். ஆட்சியைக் கைப்பற்றிய பின் தக்காணத்துச் சுல்தான்களை ஒருவருக்கெதிராக மற்றொருவரை மாறிமாறி ஆதரித்தே வலுப்பெற்றார். அவருடைய தலையீட்டில் சலித்தவர்கள் ஒன்றுசேர்ந்தபோது போர் வந்தது. இத்தகைய அரசைப் புதியதற்கு மூடிய கோட்டை என்று சொல்வதற்கு, ஹம்பியில் இன்றும் நிற்கும் கட்டடங்களைப் பாராமல் இருக்க வேண்டும்.

அறிவு வறண்டதா என்ற கேள்விக்குத் தென்னாட்டு வாசகரிடம் விடை கையருகே இருக்கிறது. இன்றும் கர்நாடக இசை பயிலும் குழந்தை மாயாமாளவகௌளையில் தொடங்கும் பாடமுறையை வகுத்தவராகப் போற்றப்படும் புரந்தரதாசர் விஜயநகரக் காலத்தவர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளைத் தெலுங்குக் காப்பியத்தின் தலைவியாக்கியவர் கிருஷ்ணதேவராயர். தலைநகர் அழிந்த பின்னும் அரசு பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று இடம்பெயர்ந்து நீடித்தது. 1639இல் ஆங்கிலேயக் கும்பினிக்குச் சென்னைக் கடற்கரை நிலத்தை அளித்தவர்கள் அவ்வரசின் கீழிருந்த நாயக்கத் தலைவர்களே. மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் அந்த மரபிலிருந்து கிளைத்துத் தனித்து வளர்ந்தனர். திருமலை நாயக்கர் மஹால் 17ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதே நூற்றாண்டில் தஞ்சை அவையில் வேங்கடமகி ‘சதுர்தண்டி பிரகாசிகை’ எழுதி, ஸ்வரங்களின் சேர்க்கைகளைக் கணக்கிட்டு 72 மேளங்களாக முறைப்படுத்தினார். அதுவரை பயன்பாட்டில் இல்லாத மேளங்களுக்கும் அதில் இடம் ஒதுக்கப்பட்டது என்பது நினைக்கத்தக்கது. இனி வரப்போகும் இசைக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கிய ஓர் அறிவைக் காயம்பட்டு உறைந்த அறிவு என்று அழைப்பவர், அதைக் கேட்டறியாதவர் என்றே கொள்ள வேண்டும்.

5. மதம் மாறியவர் எல்லாரும் தம்மை இழந்தவர்களா? ‘பியாண்ட் பிலீஃப்’ நூலின் மையக் கோட்பாடு இது: இஸ்லாம் தோற்றத்தில் அரபு மதம், அரபியரல்லாத முஸ்லிம் ஒவ்வொருவரும் மதம் மாறியவர், அவருடைய புனிதத் தலங்கள் அரபு நாட்டில், புனித மொழி அரபு, எனவே தன் முன்னோர் வரலாற்றை அவர் துறக்க வேண்டியவராகிறார், இத்துறவு அச்சமூகங்களில் ஒருவகை மனநோய்க் கூற்றை விளைவிக்கிறது. எட்வர்ட் ஸயீத் இதை வன்மையாகக் கண்டித்தபோது, அது பாலஸ்தீனர் ஒருவரின் கோபம் என்று ஒதுக்கப்பட்டது. கோபத்தை ஒதுக்கிவிட்டுத் தருக்கத்தை மட்டும் பார்த்தாலும் கோட்பாடு நிற்பதில்லை.

இங்கிலாந்தின் புனிதத் தலங்கள் பாலஸ்தீனத்தில் உள்ளன. அதன் வேதம் எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் எழுதப்பட்டது. ரோமிலிருந்து அனுப்பப்பட்ட அகஸ்டின் 597இல் கென்டில் வந்திறங்கும்வரை ஆங்கிலேயர் வேறு தெய்வங்களை வணங்கினர். நைப்பால் வாழ்நாளின் பெரும்பகுதியை வில்ட்ஷயர் கிராமப்புறத்தில் இந்த மதம் மாறிய மக்களிடையே கழித்தார், அவர்களிடம் அந்நோயைக் கண்டதாக எழுதவில்லை. (பரிசளித்த ஸ்வீடனும் தன் பழைய தெய்வங்களைக் கைவிட்ட நாடுதான்.) அரபியர் மட்டும் விலக்கு என்றால், எகிப்தில் காப்டிக்கும் ஈராக்கில் அரமேயமும் பேசிய மக்கள் எப்போது அரபியராயினர் என்ற கேள்விக்கு விடை வேண்டும். ஜாவாவில் இஸ்லாம் அழித்ததாகச் சொல்லப்படும் சொந்தக் கடந்தகாலத்தின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து சென்றது. பிரம்பானான் கோயில்களை எழுப்பியவர்களுக்கும் புனித மொழி வெளியிலிருந்து வந்த சமஸ்கிருதமே. முதல் வரவு பண்பாடு, இரண்டாம் வரவு காயம் என்று பிரிப்பதற்குரிய அளவுகோல் நூலில் எங்கும் இல்லை.

சான்றுகளும் கோட்பாட்டுக்கு எதிராகவே பேசுகின்றன. ஈரானியர் முஸ்லிம்களான பின்னரே, ஏறத்தாழ 1010இல், இஸ்லாத்துக்கு முந்தைய மன்னர்களின் கதையை ஃபிர்தௌஸி ‘ஷாநாமா’வாகப் பாடி முடித்தார், நௌரூஸ் என்னும் பழைய புத்தாண்டை ஈரானியர் இன்றுவரை கைவிடவில்லை. ஜாவாவில் இராமாயண, மகாபாரத நிழற்பாவைக் கூத்தை நடத்தும் கலைஞர்களில் மிகப் பலர் முஸ்லிம்கள். இந்தோனேசியாவின் அரசுச் சின்னம் கருடன். தமிழில் உமறுப்புலவர், நபிகளின் வரலாற்றை 5,000க்கும் மேற்பட்ட விருத்தங்களில் சீறாப்புராணமாகப் பாடும்போது, காப்பிய மரபுப்படி நாட்டுப்படலம் அமைத்து, அரபு நாட்டில் மழையைப் பொழியவைத்து, ஆற்றை ஓடவைத்து, வயலையும் விளையவைத்தார். மதம் மாறியவர் தம் நிலத்தைத் துறந்து அரபு மண்ணை வரித்துக்கொள்வார் என்ற விதிப்படி நடக்க வேண்டியது இதற்கு நேர்மாறானது. இங்கு அரபு மண்ணே தமிழ் நிலமாகிவிடுகிறது.

எல்லாவற்றினும் வலிய எதிர்ச்சான்று, நைப்பால் தம் நான்கு நாடுகளின் பட்டியலில் சேர்க்காத ஒரு நாடு. 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் உருது ஆதிக்கத்தை எதிர்த்து மாணவர்கள் வங்காள மொழிக்காக உயிரிழந்தனர். 1971இல் அந்தப் பகுதி முஸ்லிம்களின் பொது நாடாக அமைக்கப்பட்ட பாகிஸ்தானிலிருந்து போரிட்டுப் பிரிந்தது. மதம் மாறியவர்கள் தம் மொழிக்காக மதத்தின் பெயரால் அமைந்த நாட்டையே உடைத்த இந்நிகழ்வு முதல் பயணத்துக்கு எட்டாண்டுகளே முந்தையது. எடுத்துக்காட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நாவலாசிரியருக்கு உண்டு. கோட்பாட்டை முன்வைப்பவருக்கு இல்லை.

6. நிகழ்வுகள் அவரை மெய்ப்பித்தனவா? 2001 செப்டம்பர் 11 அன்று விமானங்களைக் கடத்திய 19 பேரில் 15 பேர் சவூதி அரேபியர், இருவர் ஐக்கிய அரபு அமீரகத்தினர், ஒருவர் எகிப்தியர், ஒருவர் லெபனானியர். அனைவரும் அரபியர். மதம் மாறிய அரபியரல்லாதாரிடமே நோய் முற்றியிருக்கிறது என்று கூறிய நூல்களுக்குச் சான்றாக இந்நிகழ்வு காட்டப்படுவது, அந்நூல்கள் எவ்வளவு கவனமின்றிப் போற்றப்படுகின்றன என்பதற்கே சான்று. ஈரானைப் பொறுத்தவரையும், எண்ணெய் வளத்தை 1951இல் நாட்டுடைமையாக்கிய மொசாதேகின் அரசை 1953இல் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகளின் துணையோடு கவிழ்த்த நிகழ்வு, புரட்சியின் கோபத்தை விளக்கும் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக நிற்க வேண்டியது. மேற்கின் கருவிகளை ஏற்று மேற்கை வெறுக்கும் மனமுரண் என்ற விளக்கத்தில் அதற்கு உரிய எடை கிடைப்பதில்லை. இந்தியாவைப் பற்றிய கணிப்புக்கு நேர்ந்தது இதனினும் வெளிப்படையானது: சுயசிந்தனை வற்றிய நாடு என்று நூல் தீர்ப்பளித்த அதே 1977ஆம் ஆண்டின் மார்ச்சில், எழுத்தறிவு குறைந்த கிராமப்புற வாக்காளர்கள் உட்பட வட இந்திய மக்கள் அவசரநிலையை விதித்த அரசைத் தேர்தலில் தோற்கடித்தனர், ரேபரேலியில் பிரதமரே தோற்றார்.

7. பிறப்பு ஒரு வாதமா? அந்நிய ஆட்சிக்கு உட்பட்ட மக்களில் ஒருவர் கூறியதால் ஒரு கூற்று ஆதிக்கவாதம் ஆகாது என்பது, கூற்றை விட்டுவிட்டுக் கூறியவரை ஆராய்வது. டிரினிடாட்டில் பிறந்தவர் என்பதற்காக ஏற்பதென்றால், அதே டிரினிடாட்டின் ஜேம்ஸையும் வில்லியம்ஸையும் ஏற்க வேண்டும். அவர்கள் மறுதலையாகக் கூறுகின்றனர்.

இவ்வளவுக்கும் பின், 1990இல் வந்த ‘இந்தியா: எ மில்லியன் மியூட்டினீஸ் நவ்’ நூலைச் சுட்டி, நைப்பால் தம்மைத் திருத்திக்கொண்டார் என்று ஆதரவாளர்கள் கூறுவர். அது மெய்யாகவே நல்ல நூல். சென்னையைப் பற்றிய பகுதியில் பிராமண ஆசாரத்துக்குத் திரும்பிய ஒருவரும் பெரியாரின் பகுத்தறிவு இயக்கத்தைச் சேர்ந்தவர்களும் பக்கம் பக்கமாகத் தம் வாழ்க்கையைத் தாமே சொல்கின்றனர். ஆசிரியர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருக்கிறார், விவரம் கேட்கிறார், முன்பின் முரணானதையும் விட்டுவைக்கிறார். முந்தைய நூல்களின் இறுதித் தீர்ப்புகள் இங்கு இல்லாமற்போனதற்குக் காரணம் கண் கூர்மையானதன்று. அது ஓய்வெடுத்ததும் காது வேலை செய்ததுமே. ஆகவே இந்நூலைப் புகழ்வோர், நாவலாசிரியரின் பார்வையே உண்மையைத் தரும் என்ற தம் முதற்கொள்கையைக் கைவிட்டே அதைப் புகழ முடியும். துயரம் என்னவென்றால், எட்டு ஆண்டுகள் கழித்து ‘பியாண்ட் பிலீஃப்’ நூலுக்கும் ஏறத்தாழ இதே கேட்டெழுதும் முறையைக் கொண்டுசென்று, அதன் முகப்பில் மட்டும் பழைய தீர்ப்பை ஏற்றிவைத்தார் என்பது; உள்ளே பேசும் மனிதர்கள் முகப்பு சொல்வதற்கு அடங்குவதே இல்லை.

இவையெல்லாம் இலக்கியச் சர்ச்சையோடு முடிந்துபோயிருந்தால் இவ்வளவு நீண்ட மறுப்புத் தேவைப்பட்டிராது. ஹம்பியின் இடிபாடுகளிலிருந்து எழுப்பிய காயக் கோட்பாடு, 1992 டிசம்பர் 6 அன்று பாபர் மசூதி இடிக்கப்பட்ட பின் வேறொரு பயனைப் பெற்றது; அதன் பின்னால் இருந்த எழுச்சியை வரலாற்று விழிப்பாகக் காணும் விளக்கத்தை நைப்பால் பேட்டிகளில் அளித்தார், 2004இல் டெல்லியில் பாரதிய ஜனதா கட்சியின் அலுவலகத்துக்கும் சென்றார். உலகறிந்த எழுத்தாளரின் பெயரோடு வந்ததால் அவ்விளக்கம் ஆதாரம் காட்டும் கடமையிலிருந்து விடுபட்டது. ஒரு பயணியின் மனப்பதிவு இவ்வாறுதான் வரலாறாகிறது, பிறகு வழக்காகிறது.

2012 நவம்பரில் மும்பை இலக்கிய விழா ஒன்று நைப்பாலுக்கு வாழ்நாள் சாதனை விருது அளித்தபோது, அதே விழாவில் நாடகம் பற்றிப் பேச அழைக்கப்பட்டிருந்த கிரீஷ் கர்னாட் தமக்குரிய நேரம் முழுவதையும் அவ்விருதைக் கண்டிப்பதற்குச் செலவிட்டார். இந்தியப் பண்பாட்டில், சிறப்பாக இசையில், முஸ்லிம்களின் பங்கை அறியாத ஒருவர் இந்தியாவின் பொருள்விளக்குநராகக் கொண்டாடப்படுவதே அவருடைய குற்றச்சாட்டு. பேசச் சொன்ன பொருளைப் பேசவில்லை என்று அமைப்பாளர்கள் குறைபட்டனர்; அது குற்றச்சாட்டுக்கு விடையாகாது. அதே கர்னாட் தம் இறுதிக் காலத்தில் தலைக்கோட்டைப் போரைப் பற்றிக் கன்னடத்தில் எழுதிய ‘ராக்ஷஸ தங்கடி’ நாடகம், நைப்பால் மறைந்த 2018ஆம் ஆண்டிலேயே நூலாக வந்தது. மதங்களின் மோதலாக அல்லாமல் ராமராயரின் செருக்கும் சுல்தான்களோடு அவருக்கிருந்த நெருக்கமும் பகையும் பின்னிய அரசியலாக அப்போரை அது காண்கிறது. கலைஞரின் கற்பனை வரலாற்றுச் சான்றாகாது என்ற விதி கர்னாடுக்கும் பொருந்தும். ஆனால் அவருடைய நூல் தன்னை நாடகம் என்றே அறிவித்துக்கொள்கிறது.